இசை நாடகத்தில் அமைதி கண்ட துறவி

அலங்காநல்லூர் உள்ளிட்ட மதுரை வட்டாரச் சிற்றூர்களில் கோயில் திருவிழா நாட்களில் வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடைபெறுவது வழக்கம். பகலெல்லாம் வயலில் உழைத்துக் களைத்தவர்கள் ஆர்மோனியத்தின் ஒலி கேட்டதும் அயர்வை மறந்து மேடை முன் அமர்வர். தினைப்புனம் காக்கும் வள்ளியின் பாட்டும் வேலனோடு அவள் நிகழ்த்தும் தர்க்கமும் அவர்தம் மனச்சுமையை இறக்கி வைக்கும். மேனாட்டார் ஓபரா எனப் போற்றும் கலைக்கு இணையாகத் தமிழ் மண்ணில் தழைத்த இவ்விசை நாடகத்திற்கு வடிவம் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். பிறருக்கு ஆறுதல் தந்த அக்கலை, முதலில் அவருக்கே ஆறுதலாக அமைந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் சுவாமிகள் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை. பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, இளமையிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடலும் புனையும் ஆற்றல் பெற்றார். சிலகாலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றிய அவரைக் கலையார்வம் விடவில்லை. 24ஆம் வயதில் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் அவருடைய தோற்றமும் குரலும் காண்போரை நடுங்கச் செய்தன. அவ்வாற்றலே அவருக்குத் துயரமாயிற்று. அவருடைய கொடிய வேடத்தைக் கண்ட கருவுற்ற பெண் ஒருத்தி அஞ்சி உயிர்விட்டாள் என்பது நாடக உலகில் வழிவழியாக வழங்கும் செய்தி. மனம் உடைந்த அவர் வேடம் புனைவதைக் கைவிட்டார். தலங்கள்தோறும் சென்று வழிபட்டார். மணம் புரியாமல் துறவு வாழ்வை மேற்கொண்டதால் மக்கள் அவரைச் சுவாமிகள் என்றழைத்தனர்.

தலங்களில் தேடிய அமைதி இசையின் வழியாகவே அவரை வந்தடைந்தது எனலாம். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்று, லய நுட்பங்களைக் கற்பித்தார். மீண்டும் நாடகத்திற்கு வந்த சுவாமிகள் நடிகராக வரவில்லை, ஆசிரியராகவே வந்தார். பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, வள்ளி திருமணம் என நாடகங்கள் பிறந்தன. எமனாக நின்று அச்சுறுத்தியவர், பெண்ணொருத்தியின் வேண்டுதலுக்கு எமனே இணங்கி உயிரைத் திருப்பித் தரும் கதையைப் பாட்டாக வடித்தார். அப்பாடல்களில் தம் நெஞ்சின் புண்ணுக்கும் அவர் மருந்து தேடினார் எனக் கருத இடமுண்டு.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் அவர் நிறுவினார். பிள்ளையற்ற துறவிக்குச் சபைச் சிறுவர்களே பிள்ளைகளாயினர். பிற்காலத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் மதுரைச் சபையில் பயின்றோரே. சிறுவன் சண்முகத்திற்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை, பின்னாளில் அவ்வறிஞர் நன்றியோடு பதிவு செய்துள்ளார். கேட்ட பாடல்களைப் பிழையின்றிப் பாடும் இளங்குரல்களில் ஆசானின் முதுமை இளைப்பாறியது.

1921இல் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் ஓய்ந்தன. பேசும் திறனும் போயிற்று. அவையை நடுங்கவைத்த குரல் அடங்கியது. ஆயினும் அவர் கற்பித்த பாடல்கள் பிள்ளைகளின் நாவில் ஒலித்துக்கொண்டிருந்தன. 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் அடக்கம் பெற்ற இடம் இன்றும் கலைஞர்களின் வழிபாட்டிடமாக விளங்குகிறது.

கவிஞர் தம் துயரத்தைத் துயரமாகவே பாட வேண்டுவதில்லை. வள்ளியின் வாயிலும் சாவித்திரியின் வாயிலும் அதை வைத்துப் பாடலாம் என்பதைச் சுவாமிகளின் வாழ்வு காட்டுகிறது. அவ்வாறு பாடப்பட்ட துயரம் ஒருவருடையதாக நில்லாது ஊர் முழுவதற்கும் ஆறுதலாகிறது. மதுரைச் சீமையின் திருவிழா இரவுகளில் மேடை விளக்கு ஏற்றப்படும்போதெல்லாம் அத்துறவியின் ஓய்ந்த குரல் மீண்டும் எழுகின்றது.