ஆலன் புளூம்லைன்

ஆலன் டோவர் புளூம்லைன் (ஜூன் 29, 1903 - ஜூன் 7, 1942) இங்கிலாந்தைச் சேர்ந்த மின்னணுவியல் பொறியாளர் ஆவார். இருதட ஒலிப்பதிவு முறையை, அதாவது இன்று ஸ்டீரியோ என்று அறியப்படும் முறையைக் கண்டறிந்தவர். தொலைக்காட்சி, ராடார் ஆகிய துறைகளிலும் முக்கியப் பங்களிப்புகளைச் செய்தார். இவரது பெயரில் 128 காப்புரிமைகள் உள்ளன.

இளமையும் கல்வியும்

இவர் லண்டன் மாநகரின் ஹாம்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தந்தை ஜெர்மனியில் பிறந்த சுரங்கப் பொறியாளர். ஏழு வயதில் வீட்டின் அழைப்பு மணியைப் பழுது பார்த்து, மின்பொறியாளர் எனக் கையொப்பமிட்டுத் தந்தைக்குக் கூலிச் சீட்டு கொடுத்தார் என்பர். ஆயினும் பன்னிரண்டு வயது வரை இவருக்குச் சரளமாக வாசிக்க வராது எனக் கூறப்படுகிறது. பின்னர் சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறினார். 1929 இல் கொலம்பியா கிராஃபோபோன் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனம் 1931 இல் இணைப்பின் மூலம் ஈ.எம்.ஐ. ஆனது.

இருதட ஒலி

அக்காலத் திரையரங்குகளில் நடிகர் திரையின் எப்பக்கம் நின்றாலும் குரல் ஒரே ஒலிபெருக்கியில் இருந்தே வந்தது. திரைப்படம் ஒன்றைக் காணச் சென்றபோது இக்குறையைக் கவனித்த இவர், அதைத் தீர்க்க முனைந்தார் என்பது வழக்கிலுள்ள செய்தி. ஒலி இரு காதுகளையும் அடையும் நேரத்திலும் அளவிலும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே மனிதர் அதன் திசையை அறிகின்றனர். இதன் அடிப்படையில் 1931 டிசம்பர் 14 அன்று 70 உரிமைக்கோரல்கள் கொண்ட காப்புரிமை விண்ணப்பத்தை அளித்தார். செங்கோணத்தில் அமைந்த இரு ஒலிவாங்கிகள், இரு தடங்களைக் கூட்டியும் கழித்தும் கையாளும் மின்சுற்று, இசைத்தட்டின் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் இரு தடங்களைப் பதியும் முறை ஆகியவை அதில் இடம்பெற்றன. 1934 இல் லண்டன் ஆபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், தாமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட் இசை இம்முறையில் பதிவு செய்யப்பட்டது.

எனினும் இவர் வாழ்நாளில் இக்கண்டுபிடிப்பு விற்பனைக்கு வரவில்லை. நிறுவனத்தின் கவனம் தொலைக்காட்சிக்குத் திரும்பியது. 1936 இல் பி.பி.சி. ஒளிபரப்பில் பயன்பட்ட 405 வரித் தொலைக்காட்சி முறையை உருவாக்கிய குழுவில் இவர் முக்கிய இடம் பெற்றிருந்தார்.

மறைவு

இரண்டாம் உலகப் போரின்போது, இரவிலும் மேகமூட்டத்திலும் விமானத்தில் இருந்து தரையைக் காட்டும் எச்2எஸ் என்னும் ராடார் கருவியின் ஆக்கத்தில் ஈடுபட்டார். அதன் சோதனைக்காகச் சென்ற ஹாலிபாக்ஸ் விமானம் எந்திரம் தீப்பற்றி, ஹெரிபோர்ட்ஷயரின் வெல்ஷ் பிக்னர் அருகே விழுந்தது. விமானத்தில் இருந்த 11 பேரும் உயிரிழந்தனர். எந்திரத்தில் சரியாக முடுக்கப்படாத ஒரு நட்டே விபத்துக்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. அப்போது இவருக்கு வயது 38. பணி இரகசியமானது என்பதால் இவரது மறைவு உடனடியாக வெளியிடப்படவில்லை. அக்கருவி 1943 ஜனவரியில் போரில் பயன்பாட்டுக்கு வந்தது.

தாக்கம்

காப்புரிமை காலாவதியான பின்னரே, 1958 இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தன. 1980களில் வீடுகளுக்கு வந்த டால்பி சரவுண்ட் முறையும் இரு தடங்களின் வேறுபாட்டில் இருந்தே பின்புற ஒலியைப் பிரித்தெடுத்தது. தமிழில் 1995 இல் வெளிவந்த குருதிப்புனல், டால்பி ஒலியமைப்பைப் பயன்படுத்திய தொடக்ககாலப் படங்களுள் ஒன்றாகும். இன்று வீட்டுத் திரையரங்கின் ரிசீவரில் ஒவ்வொரு ஒலிபெருக்கியின் தூரத்தையும் ஒலியளவையும் தனித்தனியே குறிப்பிடுவதும், ஒலிகள் உரிய நேரத்தில் உரிய அளவில் காதை அடைவதற்கே ஆகும். ஆபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் 2015 இல் இவரது நினைவாகப் பலகை ஒன்று நிறுவப்பட்டது. 2017 இல் இவருக்குத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.