மெஸ்ஸீனாவின் அநாதைகளும் மாண்டிஸோரி அம்மையாரும்

பூகம்பம் ஒரு நிமிஷத்திற்குள் விளைத்துவிடும் கேட்டைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆகின்றன. இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டலாம். பிளந்த சாலையைச் செப்பனிடலாம். தாயையும் தகப்பனையும் ஒருங்கே இழந்து, தன் பெயரைச் சொல்லவும் அறியாமல், கற்குவியலின் நடுவே நிற்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு எதைக் கட்டிக் கொடுப்பது? சோறும் துணியும் கூரையும் அளித்துவிட்டால் தர்மம் நிறைவேறியதாக உலகம் பெரும்பாலும் எண்ணி வந்திருக்கிறது. அவ்வளவும் வேண்டும், ஆனால் அவ்வளவும் போதாது என்பதைக் காரியத்தில் காட்டியவர் மரியா மாண்டிஸோரி அம்மையார். குழந்தைக் கல்வி முறை ஒன்றை வகுத்தவர் என்ற அளவில் அவர் பெயர் நம் நாட்டில் எங்கும் பரவியிருக்கிறது. பூகம்பத்தில் அநாதைகளான குழந்தைகளுக்கு அவர் ஆற்றிய தொண்டோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதை நினைவுகூர்வது நமக்குப் பயன் தருவதாகும்.

அம்மையார் 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில் அங்கோனாவுக்கு அருகிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸாண்ட்ரோ சர்க்கார் உத்தியோகஸ்தர். தாயார் ரெனில்டே கல்வியில் பற்றுள்ளவர். மகள் வைத்தியம் படிக்க வேண்டுமென்று பிடிவாதம் செய்தபோது தந்தை உடன்படவில்லை. தாயார் துணை நின்றார். ஸ்திரீகள் அத்துறையில் புகுவதை அக்காலத்து இத்தாலி விரும்பவில்லை. ஆடவருடன் சேர்ந்து பிரேத பரிசோதனை செய்வது தகாது என்று சொல்லப்பட்டதால், வகுப்புக் கலைந்த பிறகு தனியாக நின்று அவர் அதைக் கற்க வேண்டியிருந்தது. இவ்வளவையும் பொறுத்து 1896-ல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் சில பெண்மணிகளுள் அவர் ஒருவர்.

பிறகு மனநோய் வைத்தியசாலையில் பணி புரிந்தபோது, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பித்தர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்த கோலத்தைக் கண்டார். வெறும் அறை ஒன்றில் இருந்த அக்குழந்தைகள், உணவு முடிந்ததும் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காவல்காரி பேராசையென்று இகழ்ந்தாளாம். கையால் தொட்டுப் பார்க்கவும் ஆராயவும் அவர்களுக்கு வேறு எதுவுமே இல்லை என்பதை அம்மையார் உணர்ந்தார். இடார், ஸெகான் என்ற பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைப் பயின்று, கைக்கும் கண்ணுக்கும் வேலை தரும் கருவிகளை அமைத்தார். ஒன்றுக்கும் உதவாதவர் என்று கைவிடப்பட்ட அக்குழந்தைகளிற் சிலர், ஏனைய மாணவருக்குரிய பரீட்சையிலேயே தேறினர். பசி என்பது வயிற்றில் மட்டும் இருப்பதன்று என்ற உண்மை அன்றே அவர் மனத்தில் பதிந்தது.

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி ரோமாபுரியின் ஸான் லொரென்ஸோ பகுதியில், ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த கட்டடமொன்றில், குழந்தைகள் இல்லம் என்ற பெயரால் முதற் பள்ளியை அவர் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் சுவர்களைக் கெடுத்துத் திரிந்த சிறு குழந்தைகளுக்காக ஏற்பட்ட இடம் அது. அங்கே அவர் கண்ட முறை பரவத் தொடங்கிய காலத்தில்தான் இத்தாலியைப் பெருந்துயரம் சூழ்ந்தது.

1908-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி. பொழுது புலர இன்னும் நேரம் இருந்தது. ஸிஸிலித் தீவின் மெஸ்ஸீனா நகரும், ஜலசந்திக்கு எதிர்க்கரையிலுள்ள ரெஜ்ஜோ கலாப்ரியாவும் உறங்கிக் கொண்டிருந்தன. ஒரு நிமிஷத்திற்கும் குறைந்த நேரத்தில் இரு நகரங்களும் சரிந்தன. தப்பிக் கடற்கரைக்கு ஓடியவர்களைச் சில நிமிஷங்களில் பொங்கியெழுந்த கடல் வாரிக்கொண்டு போயிற்று. மாண்டவர் தொகையை 75,000-க்குக் குறைவாக மதிப்பிடுவோர் அரியர். லக்ஷத்திற்கு மேற்பட்டதென்று சொல்லும் கணக்குகளும் உண்டு. அண்மையில் இருந்த ருஷ்யக் கப்பற்படையின் மாலுமிகள் முதன் முதலில் வந்து இடிபாடுகளில் புதைந்தோரைத் தோண்டியெடுத்தனர். பிற நாடுகளும் பொருளும் மருந்தும் அனுப்பின. ராணி எலெனா நேரில் வந்து காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தார். பூகம்பத்தில் அநாதைகளானோரைக் காக்க அவர் பெயரால் ஒரு தேசிய ஸ்தாபனமும் 1909-ல் ஏற்பட்டது.

அவ்வாறு மிஞ்சிய குழந்தைகளுள் சுமார் 60 பேர் ரோமாபுரியில் ஜூஸ்தி வீதியிலுள்ள கன்னிகாஸ்திரீகள் மடத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். அம்மடம் மேரியின் பிரான்ஸிஸ்கன் மிஷனரி சபையைச் சேர்ந்தது. அவர்கள் எல்லோரும் மிகச் சிறியவர்கள். இடிபாடுகளிடையே தன்னந்தனியாகக் கண்டெடுக்கப்பட்டவர்கள். இவர்கள் பெயர் என்ன, எக்குடியில் பிறந்தார்கள் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. பேரதிர்ச்சி எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆக்கியிருந்தது. பேச்சில்லை, விளையாட்டில்லை. உண்ணச் செய்வதும் கடினம், உறங்கச் செய்வதும் கடினம். இரவில் திடீரென்று வீறிட்டு அழும் குரல் கேட்கும். இக்குழந்தைகளுக்கான பள்ளி அம்மையாரின் வழிகாட்டுதலில் நடைபெற்றது.

அவர் செய்தது என்ன? குழந்தைகளின் அளவுக்கேற்ற மெல்லிய நாற்காலிகளும், பளிச்சென்ற வர்ணம் பூசிய தாழ்ந்த வட்ட மேஜைகளும், அவர்களே திறந்து மூடக்கூடிய சிறு அலமாரிகளும் அமைக்கப்பட்டன. தட்டு, கரண்டி, கைத்துணி எல்லாம் அழகியனவாகவும் சிறியனவாகவும் இருந்தன. சோப்புக் கட்டியும் துவாலையுங்கூடச் சிறு கைகளுக்குத் தக்கபடி இருந்தன. ஜன்னல்களுக்குத் திரைகள், சுவர்களில் படங்கள், எங்கும் பூச்சாடிகள். வெளியே பரந்த தோட்டம், பொன்மீன் தடாகம், புறாக்கள். இத்தாலிய ராணியின் ஆதரவும் அவ்விடத்திற்கு இருந்தது. அநாதைகளுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கும் மனிதர் எந்நாட்டிலும் உண்டு. மிஞ்சியதும் கழிந்ததும் அநாதைக்குப் போதும் என்ற எண்ணத்தைத் தான் அம்மையார் முதலில் வெளியேற்றினார்.

அடுத்தபடி அவர் அளித்தது வேலை. உயர்ந்த குடும்பங்களில் பிறந்து துறவு பூண்ட கன்னிகாஸ்திரீகள் சிலர் அங்கே இருந்தனர். தாம் அறிந்த நல்லொழுக்க முறைகளையெல்லாம் அவர்கள் பொறுமையோடு அச்சிறுவர்க்குக் கற்பித்தனர். எப்படி அமர்வது, எப்படிப் பரிமாறுவது, தட்டை ஓசையின்றி எப்படி வைப்பது என்பவற்றைக் குழந்தைகள் எவ்வளவு கற்றும் திருப்தியடையவில்லை. உணவில் ருசி காணாத குழந்தை உணவு பரிமாறுவதில் ருசி கண்டது. பரிமாறக் கற்றபின் உண்ணவும் தொடங்கியது. உறக்கமும் மெல்ல மெல்லத் திரும்பிற்று. நாளடைவில் அவர்கள் தோட்டத்தில் துள்ளி ஓடினார்கள். அறையிலிருந்த மேஜை நாற்காலிகளை மரத்தடிக்குத் தூக்கிச் சென்றார்கள்; ஒன்றையும் உடைக்கவில்லை, எதிலும் மோதிக்கொள்ளவில்லை. முகத்தில் மலர்ச்சி வந்துவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் அம்மையார் தமது நூலில் இவற்றை விவரித்திருக்கிறார். தம் வெற்றியைத் தாமே சொல்லும்போது எவரும் சிறிது மிகுத்துச் சொல்லக்கூடும் என்பதை நாம் மறக்க வேண்டுவதில்லை. எனினும் அடிப்படை தெளிவானது. எல்லாம் தன்னிடமிருந்து பறிபோவதைக் கண்ட குழந்தை, தன் கையால் ஒன்றை ஒழுங்காகச் செய்து முடிக்கும்போது, உலகம் மீண்டும் நம்பத்தக்க இடமாகிறது.

இங்கே அம்மையாரின் சொந்த வாழ்க்கையிலுள்ள ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கு 1898-ல் விவாகமின்றி மாரியோ என்ற புதல்வன் பிறந்தான். அக்காலத்துச் சமூகம் அத்தகைய தாயை வாழவிடாது. எனவே குழந்தை கிராமத்தில் ஒரு செவிலியிடம் வளர்ந்தது. தாய் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். தாய் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பூகம்ப அநாதைகள் ரோமாபுரிக்கு வந்த சமயத்தில் அவர் பெற்ற பிள்ளை பத்து வயதில் பிறர் வீட்டில் இருந்தான். 1912-ல் தம் தாயார் காலமான பிறகே அவனைத் தம்முடன் அழைத்துக் கொண்டார். பெற்றோர் உயிரோடிருந்தும் ஒரு குழந்தை பெற்றோரற்றதாக வளரக்கூடும் என்பதை அவர் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. இதைக் குற்றமாகக் காட்ட நாம் இங்கே எழுதவில்லை. பெரியோரின் கருணைக்கும் ஆறாத புண்ணுக்கும் இடையே உள்ள உறவு எளிதில் அளக்கக் கூடியதன்று.

ஜூஸ்தி வீதியில் கற்ற பாடத்தை அம்மையார் விடவில்லை. முதல் உலக யுத்தத்தில் ஐரோப்பாவின் குழந்தைகள் சிதறுண்டபோது, காயமுற்ற போர்வீரர்க்குச் செஞ்சிலுவைச் சங்கம் இருப்பதுபோல், மனம் காயமுற்ற குழந்தைகளுக்கு வெண்சிலுவைச் சங்கம் ஒன்று வேண்டுமென்று 1917-ல் யோசனை கூறினார். தாதிகளும் ஆசிரியைகளும் அதற்கெனப் பயிற்சி பெற வேண்டுமென்றார். உடைந்த எலும்பைக் கண்டு ஓடிவரும் உலகம் உடைந்த மனத்தைக் காண்பதில்லை. அத்திட்டம் கைகூடவில்லை.

1934-ல் முஸோலினியின் ஆட்சியோடு முரண்பட்டு இத்தாலியை விட்டார். 1936-ல் உள்நாட்டு யுத்தத்தால் ஸ்பெயினையும் விட்டார். 1939-ல், 69-வது வயதில், அருண்டேலின் அழைப்பை ஏற்று அடையாற்றிலுள்ள பிரம்மஞான சங்கத்திற்கு வந்து சேர்ந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் சர்க்கார் மாரியோவைக் காவலில் வைத்தனர். அம்மையாரை அடையாற்றை விட்டு வெளியேறக் கூடாதென்று தடுத்தனர். அவரது எழுபதாவது பிறந்த நாளில் வைசிராயின் உத்தரவால் மாரியோ விடுதலை பெற்றார். நெடுங்காலம் உறவினர் என்றே உலகிற்குச் சொல்லப்பட்டவரை அந்தச் செய்தி மகன் என்று குறிப்பிட்டதாகச் சொல்வர். பின்னர் அம்மையார் கோடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளோடு பழகினார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்திற்கு மேற்பட்டவர்கள். 1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி ஹாலந்தில் அவர் காலமானார்.

நமது தேசமும் இத்துயரத்தைப் பன்முறை கண்டது. 1934-ல் பீஹார், 1935-ல் குவெட்டா, 2001-ல் கட்ச். 2004-ல் கடலுக்கடியில் நேர்ந்த பூகம்பத்தால் எழுந்த பேரலை நம் நாகப்பட்டினக் கரையையே அழித்தது. ஒவ்வொரு முறையும் ஜனங்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். அநாதைக் குழந்தைக்கு உற்றார் உறவினர் இருந்தால் அவர்களிடமே சேர்ப்பதுதான் முதற் கடமை என்று இன்று அறிந்தோர் ஒப்புக்கொள்கின்றனர். அது இயலாதபோது ஏற்படும் இல்லத்தில் என்ன நடக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. கொடையாளிகள் வரும்போது குழந்தைகளை வரிசையாக நிறுத்தி நன்றிப் பாட்டுப் பாடச் செய்வதும், அவர்கள் துயரைப் படமெடுத்துப் பணம் திரட்டுவதும் தர்மம் ஆகா. அக்குழந்தைக்குத் தன் பெயர் எழுதிய ஓர் அலமாரி உண்டா? தான் நட்ட ஒரு செடி உண்டா? பிறருக்குப் பரிமாறும் பெருமை அதற்குக் கிடைக்கிறதா? வாங்கும் கையாகவே என்றும் இருக்கும்படி விதிக்கப்பட்ட குழந்தை, வயிறு நிறைந்தும் அநாதையாகவே இருக்கும். அதன் கையிலும் கொடுப்பதற்கு ஏதேனும் இருக்கும்படி செய்வதே முழுத் தர்மம். மெஸ்ஸீனாவின் பெயரறியாக் குழந்தைகள் 60 பேரும் அம்மையார் மூலம் உலகிற்கு விட்டுச்சென்ற பாடம் இது. அடுத்த பூகம்பம் முன்னறிவித்து வருவதில்லை; நமது பரோபகாரத்தைத் திருத்திக்கொள்ள அதற்குள்தான் அவகாசம்.