உண்ணலாமா என்று கேட்ட சிறுவன்: பறவையியலாளர் சலீம் அலி

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, எல்லோரும் கலைந்து போகும் வரை காத்திருந்து ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். மரக்காணம் பக்கம் போயிருந்தபோது யாரோ சாலையோரத்தில் நீர்ப்பறவைகளைக் கால் கட்டி விற்றுக்கொண்டிருந்தார்களாம். வாங்கி உண்ணலாமா ஹஜ்ரத் என்று கேட்டார். மத்ரஸாவில் வேட்டையும் அறுப்பும் பற்றிய பாடம் ஓதியவனுக்கு இதற்குப் பதில் சொல்வது சிரமமில்லை. நகத்தால் இரையைப் பற்றிக் கிழிக்கும் பறவைகள் கூடாது. மற்றவற்றில் பெரும்பாலானவை கூடும். ரவை பட்டுச் செத்து விழுந்தது ஆகாது, உயிர் இருக்கும்போதே அறுத்திருக்க வேண்டும். ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம், எனவே அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று முடித்துவிட்டேன்.

அவருக்குத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான், நூறு வருடங்களுக்கும் முன்னால் இதே கேள்வியோடு ஒரு பெரியவர் முன்னால் போய் நின்ற இன்னொரு முஸ்லிம் பையன் நினைவுக்கு வந்தான்.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில், சுலைமானி போஹ்ரா குடும்பம் ஒன்றில், நிறையப் பிள்ளைகளுக்குக் கடைசியாகப் பிறந்தவர் சலீம் அலி. ஒரு வயதில் தந்தை மொய்சுத்தீன் மவுத்தானார். மூன்று வயதில் தாய் ஜீனத்துன்னிஸாவும் போய்விட்டார். அந்த யத்தீம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் வளர்த்தவர்கள் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும், பிள்ளைப்பேறு இல்லாத மாமி ஹமீதா பேகமும். காந்தியாரோடு நின்ற விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தையப்ஜியும் இவருக்கு மாமன் முறைதான்.

மாமா அமீருத்தீன் பெரிய வேட்டைப் பிரியர். அந்தக் காலத்து வசதியான குடும்பங்களில் துப்பாக்கி பிடிக்கத் தெரியாத ஆண்பிள்ளை இல்லை என்றே சொல்லலாம். சலீமுக்கும் ஒரு சின்ன ஏர்கன் கிடைத்தது. சிட்டுக்குருவிதான் இலக்கு. சுட்ட குருவி சமையலறைக்குப் போகும். நம் ஊரில் உண்டிவில்லோடு ஏரிக்கரையில் சுற்றாத பிள்ளை என் தலைமுறையில் எத்தனை பேர்? நானே சுற்றியிருக்கிறேன்.

பத்து வயது வாக்கில் ஒருநாள் அவர் சுட்டு விழுத்திய குருவி வழக்கமான குருவியாக இல்லை. கழுத்தில், குழம்பு சிந்திய கறை போல, ஒரு மஞ்சள் திட்டு. இதை ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்ற சந்தேகம் பையனுக்கு. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அத்தனை வேட்டையாடிய மாமாவுக்கு அது என்ன பறவை என்றே தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதுதான் அவர் செய்த பெரிய காரியம். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் பையனை அனுப்பினார்.

அங்கே கௌரவச் செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயர், செத்த குருவியைக் கொண்டுவந்த பையனை விரட்டவில்லை. மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னார். அலமாரி அலமாரியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். ஹலாலா என்று கேட்கப் போனவர், இத்தனை வகைப் பறவைகளா என்ற வியப்போடு திரும்பினார். எண்பது வயதைத் தாண்டி எழுதிய சுயசரிதைக்கும் அந்தச் சிட்டு விழுந்ததையே தலைப்பாக வைத்தார்.

பெரும்பாலோர் இந்த இடத்தோடு கதையை நிறுத்தி, அன்று முதல் அவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார் என்று சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையல்ல. அதே சிறுவயதில் அவர் எழுதி வைத்த ஒரு குறிப்பு இருக்கிறது. ஒரு பொந்துக்குள் பெண் குருவி முட்டை மேல் உட்கார்ந்திருக்க, வெளியே ஆண் காவல் இருந்தது. சிறுவன் ஆணைச் சுட்டான். கொஞ்ச நேரத்தில் வேறோர் ஆண் வந்து அதே இடத்தில் காவல் நின்றது. அதையும் சுட்டான். இப்படி ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள். படிக்கும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். எத்தனை சுட்டேன் என்று பெருமை பேசுவதோடு வேட்டைக்காரன் நின்றுவிடுவான். அந்தப் பெண் குருவிக்கு ஒவ்வொரு முறையும் துணை எங்கிருந்து வந்தது என்று இந்தப் பையன் யோசித்திருக்கிறான்.

படிப்பில் அவர் கெட்டிக்காரர் இல்லை. கல்லூரியை விட்டுவிட்டு 1914இல் பர்மாவின் தவாய்க்குப் போய்க் குடும்பத்தின் சுரங்க, மரத் தொழிலைப் பார்த்தார். அதிலும் மனம் பறவைகள் பின்னால்தான் போனது. திரும்பி வந்து, 1918இல் தெஹ்மினாவை மணந்தார். பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரை சொல்லும் வேலை 1926இல் கிடைத்தது. விடுப்பு எடுத்து ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் ஸ்ட்ரெஸ்மன் என்ற அறிஞரிடம் முறையாகப் பயின்று 1930இல் திரும்பினால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேலை இல்லாத அந்த நாட்களில் கணவனும் மனைவியுமாகப் பம்பாயை விட்டுக் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போனார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிக் கூடுகள். விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் பனைமரம் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்தக் கூட்டை விளக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே நடப்பதை மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிடும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால் குடியேறும், பிடிக்காவிட்டால் போய்விடும். குடியேறிய பிறகுதான் ஆண் மீதிக் கூட்டை முடிக்கும். முடித்ததும் அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த பெண்ணுக்குக் காத்திருக்கும். வேலை போன ஒரு மனிதர் கண்டு எழுதிய இந்தச் செய்தி அவரை உலக அறிஞர்கள் கவனிக்க வைத்தது.

பிறகு ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுங்கள் என்று ஒப்புக்கொண்டு செய்த வேலை அது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் இருந்ததால் நம் மாநிலத்தின் தென்கோடியும் அந்தக் கணக்கில் வரும். தெஹ்மினா கூடாரத்திலும் மாட்டுவண்டியிலும் கூடவே போனார். 1939இல், ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் மறைந்தார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1941இல் வந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல், சாதாரண மனிதர் கையில் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போகக்கூடிய நூலாக இருந்தது. டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது.

ஆராய்ச்சிக்காக அவர் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்வதை விடவில்லை. அவர் வெறுத்தது கணக்கில்லாத கொலையை. பரத்பூர் மன்னரின் சதுப்பு நிலத்தில் 1938இல் வைஸ்ராய் லின்லித்கோவும் விருந்தினர்களும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். இது உணவா? நபி (ஸல்) அவர்கள், ஒரு சிட்டைக் கூட அதற்குரிய காரணமில்லாமல் கொல்வதற்குக் கேள்வி உண்டு என்று எச்சரித்திருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பின் அந்த நிலத்தை வயலாக்கிவிட வேண்டும் என்று குரல் எழுந்தபோது, நேரு வரை போய்ப் பேசி அதைக் காத்தவர்களில் முதன்மையானவர் சலீம் அலி. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க எழுந்த குரல்களிலும் அவர் குரல் உண்டு. தமக்கு வந்த சர்வதேசப் பரிசுப் பணத்தை இயற்கைப் பாதுகாப்புக்கான நிதியாக்கினார்.

பரத்பூரில் அவர் பக்கம் ஒரு தவறும் உண்டு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1982இல் அங்கே எருமை மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். அவரும் அதை ஆதரித்தவர். பரம்பரையாக மேய்த்தவர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிறகு அவருடைய சங்கமே பல ஆண்டுகள் ஆராய்ந்து பார்த்தபோது, எருமைகள் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்துவிட்டது, பறவைகள்தான் குறைந்தன என்று தெரிந்தது. தங்கள் தலைவரின் கருத்துக்கு மாறாக வந்த முடிவை அவர் வளர்த்த ஆய்வாளர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

நம் கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 5,150 ஹெக்டேர். 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரையும் கூழைக்கடாவும் அங்கே வந்து இறங்குகின்றன. அதன் கரையில் மீன் பிடிப்பவர்களும் ஆடுமாடு மேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விரட்டிவிட்டுப் பறவையைக் காப்பதா, அவர்களைச் சேர்த்துக்கொண்டு காப்பதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்குப் பரத்பூர் எருமைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

தொழுகை, நோன்பு விஷயத்தில் சலீம் அலியை நான் முன்மாதிரியாகக் காட்டவில்லை. வெளிப்பகட்டான பக்தியில் தமக்கிருந்த சலிப்பை அவர் மறைத்ததும் இல்லை. அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ள கணக்கு. 1976இல் பத்ம விபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமனம் என்று கௌரவங்கள் முதுமையில் வந்தன. 1987 ஜூன் 20 அன்று, தொண்ணூறு வயதில் மவுத்தானார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவையியல் ஆய்வு மையம் இருக்கிறது.

தேனி மாவட்ட மேகமலையில் 1948இல் ஒருவர் பிடித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, வேறு இனம் என்று தவறாகக் குறிக்கப்பட்டு, பம்பாய்ச் சங்கத்தின் பெட்டிக்குள் இருபது வருடங்களுக்கு மேல் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் ஒருவர் அதை எடுத்துப் பார்த்து, உலகம் அதுவரை அறியாத இனம் என்று கண்டு, சலீம் அலியின் பெயரை வைத்தார். இப்போதும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இரவில் பழம் தேடிப் பறக்கிறது அந்த வௌவால்.