கணித ஆசிரியர் சூடிய மகுடம்

நாள்தோறும் வகுப்பறையில் மாணவியருக்குக் கணிதம் கற்பித்து வந்த ஆசிரியர் ஒருவர், சதுரங்கத்தில் உலக வாகையர் பட்டம் வென்றார். அவர்தாம் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த மாக்ஸ் யூவே.

யூவே 1901ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரை அடுத்த ஊரொன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே சதுரங்கம் கற்றார். 1921இல் தம் நாட்டின் வாகையர் ஆனார். ஆயினும் கல்வியைக் கைவிடவில்லை. 1926இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியப் பணியை ஏற்றார். சதுரங்கப் போட்டிகளுக்குப் பெரும்பாலும் விடுமுறை நாள்களே அவருக்குக் கிடைத்தன.

அக்காலத்தில் உலக வாகையராகத் திகழ்ந்தவர் அலெக்சாண்டர் அலேகின். 1935இல் அவரை எதிர்த்து ஆட யூவே துணிந்தார். உடற்பயிற்சியாலும் ஒழுங்கான வாழ்க்கை முறையாலும் தம்மை ஆயத்தம் செய்துகொண்டார். முதல் ஏழு ஆட்டங்களின் முடிவில் யூவே மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்தார். இனி வெற்றி அரிது என்றே பலரும் எண்ணினர். அவரோ மனம் தளரவில்லை. ஒவ்வோர் ஆட்டமாக முன்னேறினார். முப்பது ஆட்டங்களின் முடிவில் 15½ புள்ளிகள் பெற்று, 14½ புள்ளிகள் பெற்ற அலேகினை வென்றார்.

வெற்றிக்குப் பின் அவர் நடந்துகொண்ட விதம் இன்னும் பெரிது. அலேகின் 1927இல் கபபிளாங்காவை வென்று பட்டம் பெற்றவர். இழந்த பட்டத்தை மீட்க மறுபோட்டி ஆடும் வாய்ப்பு கபபிளாங்காவுக்கு இறுதிவரை கிட்டவில்லை. யூவேயோ இரண்டே ஆண்டுகளில், 1937இல், அலேகினுடன் மறுபோட்டி ஆடினார். அதில் தோற்றுப் பட்டத்தை இழந்தார். பட்டம் போயிற்று, நேர்மையாளர் என்னும் பெயர் நிலைத்தது.

தோல்விக்குப் பின்னும் அவர் சதுரங்கத்தை விட்டு விலகவில்லை. ஒலிம்பியாட் போட்டியொன்றில், தமிழகத்தின் மானுவேல் ஆரோன் அவரை வென்றார். முன்னாள் உலக வாகையரை வென்றது இளைஞரான ஆரோனுக்குப் பெருமை சேர்த்தது. புதியவர்களுடனும் தயங்காமல் ஆடித் தோல்வியையும் ஏற்றது யூவேயின் பெருந்தன்மை.

பின்னாளில் அவர் கணினியியல் பேராசிரியராகவும் பணியாற்றினார். 1970 முதல் 1978 வரை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவராக விளங்கினார். 1972இல் ஐஸ்லாந்தில் பாபி பிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் மோத இருந்த உலக வாகையர் போட்டிக்குப் பிஷர் உரிய நாளில் வந்து சேரவில்லை. விதிமுறையை மட்டும் நோக்கியிருந்தால் போட்டியே நின்றுபோயிருக்கும். யூவே தொடக்கத்தைத் தள்ளிவைத்தார். அதற்காகக் கண்டனங்களுக்கு ஆளானார்; ஆயினும் போட்டி நடந்தது.

1981ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் யூவே மறைந்தார். ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரைத் தாங்கிய சதுக்கம் ஒன்று உள்ளது. அங்குத் தரையில் அமைந்த பெரிய சதுரங்கப் பலகையைச் சுற்றி மக்கள் கூடி ஆடுகின்றனர். அவர் உலக வாகையராக இருந்தது இரண்டு ஆண்டுகளே. ஆசிரியராகவும் பண்பாளராகவும் வாழ்ந்தது வாழ்நாள் முழுதும்.