விளக்கொளியில் கண்ட மீரா

நம் மாவட்டத்துத் திருக்கோவலூரில், மழையிருளில், ஓர் இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் நெருங்கி நின்ற வரலாற்றை அடியார்கள் அறிவர். பொய்கையாரும் பூதத்தாரும் பாசுரங்களால் விளக்கேற்ற, அவ்வொளியில் பேயாழ்வார் எம்பெருமானைச் சேவித்தார். விளக்கு தன்னைக் காட்டிக்கொள்ள எரிவதன்று. பெருமானைக் காட்டவே எரிவது. இசையுலகில் அத்தகைய விளக்காகத் திகழ்ந்தவர் ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையார்.

அவர் 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மதுரையில், வீணைக் கலைஞர் சண்முகவடிவு அம்மாளின் திருமகளாகத் தோன்றினார். சிறுமியாக இருந்தபோதே இசைத்தட்டில் பாடினார். 1938இல் 'சேவாசதனம்' வாயிலாகத் திரையுலகம் புகுந்தார். 1940இல் திரு. சதாசிவம் அவர்களைக் கரம்பற்றினார்.

கண்ணனுக்கே ஆட்பட்ட மீராவின் சரிதம் 1945இல் தமிழில் திரைப்படமாக வெளிவந்தது. இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், ஒளிப்பதிவு செய்தவர் ஜித்தன் பானர்ஜி. பாடுவோரைப் படம் பிடிப்பது எளிதன்று. ராகத்தின் போக்கிற்கேற்ப முகபாவம் கணந்தோறும் மாறும். ஒளி சற்றே பிறழ்ந்தாலும் உள்ளத்து உருக்கம் படத்தில் புலப்படாது. ஆதலின் அம்மையாரின் திருமுகத்தை ஒத்த சுதையுரு ஒன்றைச் செய்வித்து, அதன்மீது பல கோணங்களில் ஒளி பாய்ச்சிப் பார்த்த பின்னரே படப்பிடிப்பைத் தொடங்கினர். பிருந்தாவனம், துவாரகை முதலிய திருத்தலங்களிலும் காட்சிகள் எடுக்கப்பெற்றன. 1947இல் அப்படம் இந்தியிலும் வெளிவந்து, அவர் புகழை வடநாடெங்கும் பரப்பியது.

புகழ் உச்சியில் நின்ற அந்நிலையிலேயே அம்மையார் நடிப்பைத் துறந்தார். அதன்பின் கச்சேரி மேடையே அவருக்குக் கோயிலாயிற்று. அம்மேடைகளில் எடுத்த நிழற்படங்கள் பலவற்றில், தம்புரா அருகிருக்க, கண்மூடிப் பாடும் கோலத்திலேயே அவரைக் காண்கிறோம். காண்போரை நோக்காது, தாம் பாடும் பெருமானையே அகத்தில் நோக்கிய கோலம் அது.

1963இல் ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதத்தை இசைத்தட்டில் பாடினார். அதனால் வந்த உரிமைத்தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு அர்ப்பணித்தார். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1998இல் பாரத ரத்னா விருது பெற்றார். 2004 டிசம்பர் 11ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இத்திருவிழாவில், புறப்பாட்டின்போது நாகஸ்வர வித்வான்களையும் பஜனை கோஷ்டியாரையும் கைப்பேசியில் படமெடுக்கும் அன்பர்கள் பலர். எடுப்பதில் தவறில்லை. ஆயினும் கருவியை உயர்த்துமுன் ஒரு கீர்த்தனையையேனும் கண்மூடிக் கேட்போமாக. பாடுவோர் எவரை நோக்கிப் பாடுகின்றனரோ, அப்பெருமானின் திருவுரு நம் நெஞ்சிலும் பதியுமாக.