லூதர் சேர்த்த ஒரே ஒரு ‘மட்டும்’

பைபிளில் இல்லாத ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார் என்று ஒருவர் மீது 500 வருஷமாகப் புகார் இருக்கிறது. புகார் உண்மைதான். அவரே ஒப்புக்கொண்டார், எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். அவர் மார்ட்டின் லூதர். வார்த்தை, ‘மட்டும்’.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்டால், அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்கணும்.

1483-ல் ஜெர்மனியின் ஐஸ்லேபென் ஊரில் பிறந்தார். அப்பா ஹான்ஸ், செம்புச் சுரங்கத் தொழிலில் முன்னுக்கு வந்தவர். பையனை வக்கீல் ஆக்கணும் என்பது அவர் கனவு. 1505 ஜூலையில், சட்டப் படிப்பு அப்போதுதான் தொடங்கியிருந்த நேரம், எர்ஃபர்ட் நகருக்குத் திரும்பும் வழியில் லூதருக்கு மிக அருகில் இடி விழுந்தது. பிழைத்தால் துறவியாகிறேன் என்று புனித அன்னாளிடம் வேண்டிக்கொண்டார். இரண்டே வாரத்தில் அகுஸ்தீனார் சபை மடத்தில் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லத் தேவையில்லை.

மடத்தில் அவர் செய்யாதது எதுவும் இல்லை. உபவாசம், இரவு ஜெபம், குளிரில் நடுக்கம். பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தால் மணிக்கணக்கில் போகும். முடித்து வெளியே வந்ததும், சொல்ல மறந்த ஒன்று ஞாபகம் வரும். சொன்ன பாவத்துக்கு மன்னிப்பு உண்டு, சரி, மறந்ததுக்கு? உண்மையிலேயே வருந்தினேனா, இல்லை நரகத்துக்குப் பயந்து வருந்தினேனா? டார்கெட் என்னவென்றே சொல்லாத அப்ரைசல் மாதிரி. எவ்வளவு செய்தால் போதும் என்பது கடைசிவரை தெரியாது.

மடத்தின் மூத்தவர் ஸ்டாவ்பிட்ஸ் இவரை விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் பைபிள் பேராசிரியர் ஆக்கினார். 1512-ல் டாக்டர் பட்டம். பிறகு பவுல் எழுதிய ரோமர் நிருபத்தைப் பாடம் நடத்தினார். அதில் வரும் ‘கடவுளின் நீதி’ என்றாலே லூதருக்கு வெறுப்பு. தண்டிக்கிற நீதிபதிதான் கண்ணில் வருவார். படித்துப் படித்து ஒருநாள் வேறு மாதிரி புரிந்தது. அந்த நீதி, கடவுள் மனிதனிடம் கேட்கிற கணக்கு அல்ல, சும்மா கொடுக்கிற பரிசு. அதை வாங்கிக்கொள்ளும் கைதான் விசுவாசம். கடவுள் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வது மட்டுமல்ல, அவர் சொன்ன வாக்கில் முழுதாகச் சாய்ந்துவிடுவது.

இந்தத் தெளிவோடு இருந்தவர் முன்னால் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை வந்தால் என்ன ஆகும்? அதுதான் 1517. பாதிப் பணம் ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்ட, மீதி ஒரு பேராயரின் வங்கிக் கடனை அடைக்க. லூதர் 95 கருத்துகளை எழுதி அந்தப் பேராயருக்கே அனுப்பினார். (ஆலயக் கதவில் ஆணி அடித்த காட்சி நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.) 1521 ஜனவரியில் போப் அவரைச் சபையை விட்டு நீக்கினார். ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் நின்றும் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை.

உயிருக்கு ஆபத்து. சாக்சனி ஆட்சியாளரின் ஆட்கள் அவரைக் ‘கடத்தி’ வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்தார்கள். அங்கேதான், சுமார் 11 வாரத்தில், கிரேக்கத்திலிருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் கொண்டுவந்தார். 1522 செப்டம்பரில் அச்சாகி வந்தது. அதில் ரோமர் 3:28-ல், மனிதன் நீதிமான் ஆவது விசுவாசத்தால் ‘மட்டும்’ என்று இருந்தது. கிரேக்க மூலத்தில் அந்த ‘மட்டும்’ கிடையாது.

1530-ல் எழுதிய ஒரு திறந்த கடிதத்தில் இதற்குப் பதில் சொன்னார். வீட்டில் அம்மாவும் தெருவில் குழந்தைகளும் சந்தையில் சாமானியனும் பேசுகிற ஜெர்மன் அப்படித்தான் என்பது அவர் வாதம். நாமும்தானே, தயிர் வாங்கல, பால் மட்டும் வாங்கினேன் என்கிறோம். பவுல் சொல்லவந்ததும் அதுதான் என்றார்.

சிக்கல் என்னவென்றால், புதிய ஏற்பாட்டில் ‘விசுவாசத்தினால் மட்டும்’ என்ற தொடர் மூலத்திலேயே வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24. அங்கே அது ‘மட்டும் அல்ல’ என்று வருகிறது! செயலும் வேணும் என்கிறார் யாக்கோபு. லூதர் அந்த நிருபத்தை வைக்கோலோடு ஒப்பிட்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கம் தள்ளிவைத்தார். இது அவருடைய பலவீனமான இடம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக நல்லது செய்யவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மரம் நல்லதானால் பழம் தானாக நல்லதாக வரும். பழத்தைக் கட்டித் தொங்கவிட்டு மரத்தை நல்லதாக்க முடியாது. 1520-லேயே இதை எழுதிவிட்டார். ஆனால் அவர் மரத்தின் எல்லாப் பழமும் இனிப்பு இல்லை. 1525-ல் கிளர்ச்சி செய்த விவசாயிகளை வெட்டிச் சாய்க்கச் சொன்னார். 1543-ல் யூதர்களுக்கு எதிராக எழுதியது, இன்றைய லூதரன் சபைகளே வெளிப்படையாக நிராகரித்த நூல்.

1546 பிப்ரவரி 18-ல், பிறந்த ஊரிலேயே இறந்தார். தமிழில் முதலில் அச்சான புதிய ஏற்பாட்டைத் தரங்கம்பாடியில் கொண்டுவந்த சீகன்பால்கு, இவர் வழிவந்த போதகர்தான்.

1999 அக்டோபர் 31-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலகக் கூட்டமைப்பும் இதே விஷயத்தில் கூட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதன் பின்னிணைப்பில் அந்த ‘மட்டும்’ இருக்கிறது.