தவணை முறையில் வந்த சனநாயகமும் இரட்டைமலை சீனிவாசனும்

பிரித்தானிய அரசு இந்தியருக்குப் பிரதிநிதித்துவ ஆட்சியை 1909, 1919, 1935 எனத் தவணை முறையில் வழங்கியது. அத்தவணைகளில் சேரிக்குக் கிடைத்தது என்ன என்பதை அறிய, இரட்டைமலை சீனிவாசனின் வாழ்வை நாம் வாசிக்க வேண்டும்.

செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த அவர், இழிவாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக்கி 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் காங்கிரசு கோரியபோது, அதிகாரம் ஆதிக்கச் சாதியினரிடமே குவியும் எனக் கூறி, ஆயிரக்கணக்கானோர் கையொப்பத்துடன் நாடாளுமன்றத்துக்கு எதிர்மனு அனுப்பினார்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாக்குரிமை சொத்தையும் வரியையும் சார்ந்திருந்தது. நிலமற்ற நம் மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. அவர்களுக்கான உறுப்பினர்களை அரசே நியமித்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய சீனிவாசன், 1923இல் அவ்வாறே சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். பொதுச்சாலை, கிணறு, குளம் எவருக்கும் உரியவை என்னும் அவரது தீர்மானம் 1924இல் நிறைவேறியது. ஆனால் ஊர்த்தெருக்கள் அதற்குப் பணிந்துவிடவில்லை.

நியமனம் அருளப்படுவது, வாக்கு உரிமையானது. எனவே 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் அவரும் வயதுவந்தோர் வாக்குரிமையையும், முதல் பத்தாண்டுகளுக்குத் தனி வாக்காளர் தொகுதியையும் கோரினர். 1932இல் அறிவிக்கப்பட்ட தனித்தொகுதி முறையை, காந்தியின் உண்ணாநோன்பைத் தொடர்ந்து வந்த பூனா ஒப்பந்தம் நீக்கியது. சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள் கிடைத்தன. இறுதித் தேர்வோ பொது வாக்காளரிடம் சென்றது.

1945இல் அவர் மறைந்தார். நம் உறுப்பினர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி, இன்றைய தனித்தொகுதிகளிலும் நம்முன் நிற்கிறது.